நிரல் தெரியாதவனுக்கு இந்தச் சுதந்திரம் எதற்கு?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர், 2025 அக்டோபர் 19

விண்டோஸ் 10க்கான ஆதரவு 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. என் கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லையாம், விண்டோஸ் 11 ஏறாது. எல்லோரும் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தைப் போடச் சொல்கிறார்கள். போட்டுவிடுகிறேன், அதில் தகராறு இல்லை. ஆனால் சுதந்திரம், சுதந்திரம் என்கிறீர்களே, அதுதான் பிடிபடவில்லை. எனக்கு நிரல் எழுதத் தெரியாது. மென்பொருளை எழுதிய மூல நிரலைக் கையில் கொடுத்தாலும் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. அப்படியென்றால் அந்தச் சுதந்திரம் நிரலாளர்களுக்கு மட்டும்தானே? எனக்குக் காசு மிச்சம், அவ்வளவுதான்.

அக்டோபர் 19, இரவு

வேலூர் தோட்டப்பாளையத்தில் டிடிபி, கணினி சர்வீஸ் இரண்டும் வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் பலரும் வேறு வேறு வார்த்தையில் கேட்கிற கேள்விதான் இது.

முதலில் அடிப்படை. ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்க நிரலாளர் 1983 செப்டம்பரில், முழுக்கக் கட்டற்ற ஓர் இயங்குதளத்தை உருவாக்கும் க்னூ திட்டத்தை அறிவித்தார். கட்டற்ற மென்பொருள் என்றால் நான்கு உரிமை வேண்டும் என்பது அவர் தரப்பு. எந்த வேலைக்கும் ஓட்டலாம். உள்ளே எப்படி இயங்குகிறது என்று பார்த்து மாற்றலாம். பிரதி எடுத்து அடுத்தவருக்குத் தரலாம். மாற்றியதையும் தரலாம். உங்கள் சந்தேகம் இரண்டாவதிலும் நான்காவதிலும்தான். மற்ற இரண்டும் உங்களுக்கு நேராகவே வருகின்றன. பென் டிரைவில் ஏற்றி மச்சான் வீட்டுக் கணினியிலும் போட்டுக் கொடுக்கலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய திருட்டு சிடியை வைத்துக்கொண்டு, ரெய்டு வருகிறது என்று யாராவது கிளப்பிவிட்டால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வேலை பார்த்த காலம் இந்த ஊர் டிடிபிக்காரர்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும். இப்போது கடையில் ஓடுகிற ஒவ்வொரு மென்பொருளுக்கும் தலைநிமிர்ந்து பதில் சொல்ல முடிகிறது. எனக்கு முதலில் உறைத்த சுதந்திரம் இதுதான்.

அக்டோபர் 20

நேற்று விட்ட இடத்துக்கு வருகிறேன், அந்த இரண்டாவது உரிமைக்கு.

அணைக்கட்டுப் பக்கம் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் விவசாயி என்ன செய்கிறார்? வண்டியில் போட்டு வைண்டிங் கடைக்குக் கொண்டுவருகிறார். காயில் கட்ட அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளப் போவதும் இல்லை. ஆனால் மோட்டாரைப் பிரிக்கலாம், சுற்றை எண்ணலாம், அதே கேஜ் கம்பி வாங்கித் திரும்பக் கட்டலாம் என்று இருப்பதால்தான் ஊருக்கு ஊர் வைண்டிங் கடை இருக்கிறது. பிரித்தாலே குற்றம் என்று கம்பெனி சீல் வைத்திருந்தால் அந்தக் கடை முளைத்திருக்காது. அப்போது நஷ்டம் வைண்டிங் தெரிந்தவருக்கா, பயிர் காய்கிறவருக்கா?

அக்டோபர் 20, சற்று நேரம் கழித்து

ஸ்டால்மனின் பிரிண்டர் கதையை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். 1980 வாக்கில் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனியின் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. பழைய பிரிண்டரில் காகிதம் சிக்கினால், அச்சுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர்களின் திரையில் செய்தி வருகிற மாதிரி அவர் மாற்றி வைத்திருந்தார். புதியதற்கு மூல நிரல் இல்லை. கார்னகி மெலனில் ஒருவரிடம் இருப்பது தெரிந்து நேரில் போய்க் கேட்டார். வெளியே தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று அவர் கைவிரித்துவிட்டார்.

மாற்றத் தெரிந்தவர் ஒருவர். சிக்கிய காகிதத்தால் நேரம் போனது அந்தக் கட்டடத்தில் அச்சுக்குக் காத்திருந்த எல்லோருக்கும். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற எந்த வேலூர்க்காரருக்கும் இது விளக்காமலே புரியும்.

அக்டோபர் 23

இது கொஞ்சம் நீளம். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ராணிப்பேட்டைப் பக்கம் ஓர் அச்சகக்காரர், வயதானவர். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ் என்று காலம் முழுக்க ஓட்டியவர். தெருக்கூத்து என்றால் அவருக்கு உயிர். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பாரதக் கூத்து ஆடிய ஒரு வாத்தியாரின் நோட்டுகளை வாங்கி, ஓய்ந்த நேரத்தில் உட்கார்ந்து, அச்சுப் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளில் அடித்து வைத்திருக்கிறார். அச்சுக்குப் போகவே இல்லை. வாத்தியார் காலமாகிவிட்டார். நோட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சம் இருந்தது அந்தக் கோப்புகள் மட்டும்.

அவர் அடித்தது ஒரு தமிழ் எழுத்துரு மென்பொருளில். பெயர் வேண்டாம். பழைய கணினியின் பிரிண்டர் போர்ட்டில் டாங்கிள் என்ற சின்னப் பூட்டுக் கருவியைச் சொருகினால்தான் அது இயங்கும். டாங்கிள் செத்துவிட்டது. விற்றவர்கள் போனை எடுப்பதில்லை. அவருடைய கணினி, அவர் காசு கொடுத்து வாங்கிய மென்பொருள், அவர் விரலால் அடித்த எழுத்து. திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டுகிறது. என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, "இதுல கர்ணன் சண்டை இருக்குதுப்பா, உள்ளதான் இருக்குது" என்று திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

லிப்ரெஆபீஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளில் கோப்பைத் திறந்தேன். பேஜ்மேக்கர் 6, 7 பதிப்புக் கோப்புகளை அது வாசிக்கும். 2015இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பே 2001இல் வந்ததுதான். விற்ற கம்பெனி மறந்துபோன வடிவத்தைப் பிரித்துப் பார்த்துப் புரிந்துகொண்டு, கைவிடப்பட்ட கோப்புகளைத் திறப்பதற்கென்றே சிலர் உட்கார்ந்து ஒரு நிரல் நூலகம் (மற்ற மென்பொருள்கள் எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு) எழுதியிருக்கிறார்கள். பக்க அமைப்பு கலைந்துதான் வந்தது. ஆனால் எழுத்து வரிசை ஒழுங்காக இருந்தது.

அடுத்தது அந்தக் குப்பையைத் தமிழாக்குவது. காட்பாடியில் பொறியியல் படிக்கிற ஒரு தம்பி கடைக்கு வந்துபோவான். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தை அவன் எடுத்தான். பாமினி, டாப், டாம், டிஸ்கி என்று தமிழ் எழுத்தைக் கணினியில் குறிக்கும் பழைய முறைகளை, இன்று பொதுவாக வழங்கும் யூனிகோடு முறைக்கு மாற்றும் அட்டவணைகள் அதில் இருக்கின்றன. இந்த எழுத்துரு எதிலும் சேரவில்லை. டாம் அட்டவணையைப் பிரதி எடுத்து, பெரியவர் பழைய தாளில் அச்செடுத்து வைத்திருந்த ஒரு நோட்டீஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்தக் குறிக்கு "ஞ", இந்தக் குறிக்கு "ணை" என்று ஒவ்வொன்றாகத் திருத்தினான். "ணை"யில் ரொம்ப நேரம் மாட்டிக்கொண்டோம். பழைய துதிக்கை ணை ஒரு குறி, சீர்திருத்த ணை வேறு குறி. பெரியவர் இரண்டையும் கலந்தே அடித்திருக்கிறார்.

முதல் விருத்தம் முழுசாகத் திரையில் வந்ததும் அவர் படிக்கவில்லை, ராகத்தோடு பாடினார். கடையில் ரேஷன் கார்டு நகல் எடுக்க வந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

பெரியவருக்கு நிரல் என்றால் என்னவென்றே தெரியாது. குடியாத்தம் சார், உங்கள் கேள்வியை வைத்து இதைப் பாருங்கள்.

அக்டோபர் 24

ஒருவர் கேட்கிறார்: அந்தத் தம்பி திறமைசாலி, மூடிய மென்பொருளாக இருந்தாலும் ஏதாவது வழி கண்டிருப்பான், இதில் சுதந்திரம் எங்கே வந்தது?

எல்லாவற்றையும் அவன் முதலிலிருந்து எழுதவேண்டியிருந்தால் செமஸ்டர் பரீட்சை வந்திருக்கும், பெரியவர் கோப்புகளைத் திரும்ப எடுத்துப் போயிருப்பார். வேறு யாரோ எழுதிய அட்டவணையைத் தொட்டுத் திருத்த அனுமதி இருந்ததால் வேலை சுருங்கியது. தன் அட்டவணையை அவனும் பொதுவில் போட்டுவிட்டான். அதே செத்த டாங்கிளோடு வேறு ஊரில் யாராவது உட்கார்ந்திருந்தால் உதவும்.

அக்டோபர் 28

இன்னொன்று. இதற்கு நிரலாளர்கூடத் தேவைப்படவில்லை.

எங்கள் கடையில் தட்டச்சு செய்கிற அக்கா அந்தக் காலத்தில் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தவர். கை முழுக்க டைப்ரைட்டர் விசைதான். தமிழ்99 விசைப்பலகை எளிது என்று எத்தனை முறை சொன்னாலும், "எனக்குக் கண்ணை மூடினா வர்றத விட்டுட்டு நான் ஏன் புதுசா கத்துக்கணும்?" என்பார். நியாயம்தானே.

லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக டைப்ரைட்டர் விசைப்பலகை கிடைக்கிறது. போட்டுக் கொடுத்தேன். எல்லாம் சரி, இரண்டு மூன்று குறிகள் மட்டும் அவர் பழகிய இயந்திரத்தில் இருந்த இடத்தில் இல்லை. ஒவ்வொரு முறையும் விரல் தப்பான இடத்துக்குப் போகும், பல்லைக் கடிப்பார்.

அந்த விசைப்பலகை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. எம்17என் என்ற பன்மொழித் தொகுப்பின் கோப்புறையில் பல மொழிகளுக்கும் இப்படி இருக்கின்றன. திறந்தால் அடைப்புக்குறிக்குள் ஒரு விசை, அதற்கு எதிரே ஒரு தமிழ் எழுத்து, வரிவரியாக. அக்காவையே பக்கத்தில் உட்காரவைத்து அவருடைய ஹோம் டைரக்டரியில் ஒரு பிரதி எடுத்தோம். எந்த விசையில் எது வரவேண்டும் என்று அவர் சொன்னார், நான் ஆரம்பித்தேன். கடைசி வரியை அவரே மாற்றினார். கணினியில் லாக்அவுட் செய்து திரும்ப நுழைந்ததும் அந்தக் குறி அவர் விரல் போன இடத்தில் விழுந்தது.

அன்றிலிருந்து அது "என் கீபோர்டு". வேறு கணினியில் உட்கார்ந்தால் முதல் வேலையாக அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார்.

நவம்பர் 1

"லினக்ஸ் இருந்தால் சுதந்திரம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவசரப்படவேண்டாம்.

புதுப் பேருந்து நிலையத்தில் நிற்கிற பெரும்பாலானோர் சட்டைப்பையில் லினக்ஸ் இருக்கிறது. ஆண்ட்ராய்டுக்கு அடியில் ஓடுகிற கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, அதுதான். லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கியது, 1992இல் ஜிபிஎல் உரிமத்துக்கு (அந்த நான்கு உரிமையையும் சட்டப்படி தருகிற, ஸ்டால்மன் எழுதிய உரிமம்) வந்தது. அதை வைத்து அவர்களில் எத்தனை பேர் தங்கள் போனில் வேண்டாத ஒரு செயலியை நீக்க முடிகிறது? போனை ஆன் செய்ததும் இயங்குதளத்தை ஏற்றுகிற பூட்லோடர் பூட்டியிருக்கிறது. கெர்னலின் மூல நிரல் கிடைத்தாலும், மாற்றிக் கட்டியதை அந்தப் போன் ஏற்காது. கடைக்கு வருகிற போன்களில் நல்ல பேட்டரி, நல்ல திரை இருந்தும் அப்டேட் நின்றுவிட்டதால் மூலையில் கிடப்பவை ஏராளம். சரிசெய்யக் கை இருக்கிறது, ஆள் இருக்கிறார், பூட்டு விடவில்லை.

நவம்பர் 2

மேலே சொன்னதற்குப் பின்கதை உண்டு. டிவோ என்ற அமெரிக்க வீடியோ ரெக்கார்டர் இதே வேலையைச் செய்தது: மூல நிரலைக் கொடுக்கும், மாற்றியதை ஓடவிடாது. 2007 ஜூன் 29இல் வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு வீட்டு உபயோகச் சாதனங்களில் இந்தப் பூட்டைத் தடுக்கிறது. டோர்வால்ட்ஸ் அதை ஏற்கவில்லை, கெர்னல் இரண்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டது. தன் நிரல் பற்றி முடிவெடுக்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் மூலையில் கிடக்கிற அந்தப் போன்களைப் பார்க்கும்போதெல்லாம் ஸ்டால்மன் பக்கம்தான் எனக்கு மனசு போகிறது.

நவம்பர் 8

சுதந்திரம் என்றால் பிடித்ததைத் தேர்ந்தெடுப்பது, நூறு விதமான லினக்ஸ் இருக்கிறதே என்று இன்னொருவர். எனக்கு அது போதவில்லை. அலமாரியில் நூறு இருந்து நூறிலும் தமிழ் உடைந்திருந்தால் என்ன செய்வது?

ஸ்கிரைபஸ் அப்படித்தான் இருந்தது. பேஜ்மேக்கர் வேலைக்குக் கட்டற்ற மென்பொருள் உலகில் இருக்கிற பதில் அதுதான். ஆனால் பழைய 1.4 பதிப்பில் "கொடி" என்று அடித்தால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராது, பின்னால் போய் நிற்கும். கல்யாணப் பத்திரிகையில் மணமகன் பெயரே உடைந்தால் யார் கடைக்கு வருவார்கள்? பாராட்டிவிட்டு ஓரமாக வைத்துவிட்டேன்.

சரிசெய்தவர்கள் யார் தெரியுமா? ஓமான் நாட்டில் ஒரு குழு. அவர்களுக்கு அரபி வேண்டும். அரபி எழுத்து ஒன்றோடொன்று சேர்ந்து வடிவம் மாறும், ஸ்கிரைபஸ் அதையும் உடைத்துக்கொண்டிருந்தது. அவர்கள் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவமைப்பு நூலகத்தை உள்ளே கொண்டுவந்து இணைத்தார்கள். அது வந்ததும் அரபியோடு தமிழும் நிமிர்ந்தது. 2024 ஜனவரி 1இல் வந்த 1.6 நிலைப் பதிப்பில் அது இருக்கிறது. இப்போது கல்யாணப் பத்திரிகை அதில்தான் செய்கிறேன்.

ஓமானில் இருக்கிறவருக்கு வேலூரைத் தெரியாது. எனக்கு அவர் பெயர் தெரியாது. நான்காவது உரிமை என்று முதல் நாள் ஒரே வரியில் தாண்டிப்போனேனே, மாற்றியதை அடுத்தவருக்குத் தருவது, அது இதுதான்.

இந்த ஊரில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிறவர்கள் மாதக்கணக்கில் லாட்ஜில் தங்குகிறார்கள். ஆஸ்பத்திரித் தெருக்களில் போர்டே வங்காளியில் இருக்கும். ஊருக்கு அனுப்ப ஒரு கடிதம், உதவி கேட்டு ஒரு விண்ணப்பம் என்று கடைக்கு வருவார்கள். வங்காளிக்கு ப்ரபாத் விசைப்பலகை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, எழுத்துருவும் இருக்கிறது. கணினியை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டால் அவர்களே அடித்துக்கொள்கிறார்கள். ஆம்பூர், பேரணாம்பட்டிலிருந்து உருதுப் பத்திரிகை வரும். நஸ்தலீக் எழுத்து சரிந்து சரிந்து இறங்கவேண்டும். நோட்டோ நஸ்தலீக் போட்டுக் காட்டினால் பெரியவர்கள் தலையாட்டுகிறார்கள். ஒரே கணினியில் தமிழ், உருது, வங்காளி, தெலுங்கு. எதற்கும் தனியாக டாங்கிள் கிடையாது.

நவம்பர் 9

லினக்ஸிலும் வைஃபைக்கு மூடிய மென்பொருள் வேண்டுமாமே என்று கேட்டவருக்கு. ஆமாம், பெரும்பாலான வைஃபை சிப்புகளுக்கு மூடிய ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ளேயே ஓடுகிற மென்பொருள்) வேண்டும். டெபியன் என்ற லினக்ஸ் வகையை உருவாக்குகிறவர்கள் இதை வைத்து நெடுநாள் விவாதித்து, 2022இல் ஓட்டெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து நிறுவும் வட்டிலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். மூடியது கூடவே கூடாது என்கிறவர்களுக்கு ட்ரிஸ்க்வெல் என்ற லினக்ஸ் வகை இருக்கிறது.

என் நிலை: வருகிறவர் கணினியில் வைஃபை வேலைசெய்ய வேண்டும், அவரைத் திருப்பி அனுப்பமாட்டேன். ஆனால் எந்தத் துண்டு மூடியது என்று வாயால் சொல்லிவிடுவேன். முழுச் சுத்தம் வேண்டுமென்றால் ஏதெராஸ் 9271 சிப் போட்ட யுஎஸ்பி அடாப்டர் கிடைக்கிறதா என்று தேடுங்கள். அதன் ஃபர்ம்வேர் 2013இல் மூல நிரலோடு வெளிவந்தது. வேகம் குறைவுதான்.

நவம்பர் 16

இத்தனையும் எழுதிய பிறகு மனசில் உறுத்துகிற ஒன்றைச் சொல்லியாகவேண்டும்.

2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு போஸ் லினக்ஸும் இருந்தது. போஸ் நம் சென்னையில் சி-டாக் என்ற மத்திய அரசு கணினி ஆய்வு நிறுவனம் டெபியனை வைத்து உருவாக்கியது. தமிழ் உள்ளே இருந்தது. நான்கு உரிமையும் சட்டப்படி அந்தப் பிள்ளைகள் மடியில் இருந்தன. அந்தப் பிள்ளைகள் கடைக்கு வந்து கேட்டது ஒன்றே ஒன்று: "அண்ணா, இந்த போஸை எடுத்துட்டு இடம் பண்ணிக் குடுங்க." எடுத்துக் கொடுத்தேன். யாரும் அதைத் திறந்து காட்டியிருக்கவில்லை. பேனா முனை அளவு சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லை.

கேரளத்தில் ஐடி@ஸ்கூல் திட்டம் முதலில் ஆசிரியர்களை உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தது. பாடத்தையே க்னூ/லினக்ஸில் அமைத்தது. அங்கே பிள்ளைகள் அதோடு வளர்ந்தார்கள். பக்கத்தில் காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் கூடிச் சொல்லிக்கொடுக்கின்றன. அங்கே பழகிய பிள்ளைகள் ஊருக்கு உழைக்கிறார்கள்.

ஆகவே அக்டோபர் 20 குறிப்பில் இதைச் சேர்த்துப் படியுங்கள். உரிமம் பிரிக்க அனுமதி தருகிறது. கூப்பிடு தூரத்தில் பிரிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால்தான் அது குடியாத்தம் சாருக்கும் ராணிப்பேட்டைப் பெரியவருக்கும் வந்து சேர்கிறது. எங்கள் கடையில் அன்று அந்தத் தம்பி இல்லாவிட்டால், ஜிபிஎல்லை நான் மனப்பாடமாக ஒப்பித்திருந்தாலும் கர்ணன் சண்டை வெளியே வந்திருக்காது.

நவம்பர் 17

"அப்படியென்றால் உரிமம் முக்கியமில்லை, ஆள்தான் முக்கியம் என்கிறீர்களா?" இல்லை. பூட்டிய போனைப் பற்றி நவம்பர் 1இல் எழுதியதை ஒருமுறை பாருங்கள். அங்கே ஆள் இருந்தும் பயனில்லை. இரண்டும் வேண்டும். ஒன்றைச் சட்டம் எழுதினவர்கள் செய்துவிட்டார்கள், இன்னொன்றை நம் ஊரில் நாம்தான் செய்யவேண்டும்.

நவம்பர் 22

அந்தத் தம்பியும் நானும் பேசி முடிவுசெய்துவிட்டோம். ஞாயிறு மதியம் கடைக்கு வியாபாரம் இருக்காது, மாடியில் மேஜை காலியாகத்தான் கிடக்கிறது. பழைய மடிக்கணினியைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து போடலாம். நாங்கள் போட்டுக் கொடுக்கமாட்டோம், நீங்கள் போடுவீர்கள், பக்கத்தில் நிற்போம். அக்கா டைப்ரைட்டர் விசைக் கோப்பை எப்படி மாற்றுவது என்று காட்டுகிறேன் என்று தானாகவே சொல்லியிருக்கிறார்.

நவம்பர் 23

குடியாத்தம் சார், உங்கள் கணினி 4 ஜிபி ராம் என்று எழுதியிருக்கிறீர்கள். 64 பிட்டாக இருந்தால் டெபியன் 13, எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய திரை முகப்போடு போதும். 2025 ஆகஸ்டில்தான் வந்தது, நீண்டகால ஆதரவையும் சேர்த்தால் 2030 வரை கவலையில்லை. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டால் இன்னும் ஓடும். விண்டோஸை உடனே அழிக்காதீர்கள். கணக்கு மென்பொருளுக்காக நானும் ஒரு கணினியில் அதை வைத்திருக்கிறேன். முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டி, உங்கள் பிரிண்டரை எடுக்கிறதா, வைஃபை பிடிக்கிறதா பாருங்கள். பிரிண்டரின் மாடல் எண்ணை எழுதுங்கள், வருவதற்கு முன்பே டிரைவர் தேடி வைக்கிறேன்.